வாடகைச் சுவரில் ஒரு நீலம்

மாதத்தின் கடைசி நாள். பெங்களூரில் பானசவாடிப் பக்கம், 30-க்கு 40 மனையில் கட்டிய ஒரு மாடி வீடு. கீழ்த்தளம் காலியாகிவிட்டது. சாமான் ஏற்றிய வண்டி புறப்பட்டுப் போய் அரைமணி நேரமாகிறது. வீட்டுக்காரரின் கையில் டார்ச், சட்டைப் பையில் சின்ன நோட்டுப் புத்தகம். அறை அறையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே போகிறார். பின்னால், இதுவரை குடியிருந்தவர்கள். கட்டாக்கிலிருந்து வந்த இளம் தம்பதி, கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. விடைத்தாள் திருத்தும் வாத்தியாருக்குப் பின்னால் நிற்கும் மாணவர்களைப் போல அவர்கள் பேசாமல் நடக்கிறார்கள்.

ஹாலுக்கு வந்ததும் டார்ச் நிற்கிறது. மூன்று சுவர்கள் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. நான்காவது சுவர் மயில் நீலம். அந்த நீலத்துக்கு அனுமதி கொடுத்ததும் அவர்தான். இப்போது அதற்கு என்ன கணக்கு எழுதுவது என்று தெரியாமல் நிற்பதும் அவர்தான்.

மாத வாடகை 24,000 ரூபாய். பெங்களூரில் நீண்ட காலமாக இருந்துவரும் வழக்கப்படி, பத்து மாத வாடகை முன்பணம். அதாவது 2,40,000. காலி செய்யும்போது அதில் ஒரு மாத வாடகையை 'பெயின்டிங் செலவு' என்று பிடித்துக்கொள்வதும் அந்த ஊர் வழக்கம்தான். ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்தாக அது தட்டச்சாகி இருக்கிறது. குடியிருந்தவர் பதினோரு மாதம் இருந்தாலும் ஐந்து வருடம் இருந்தாலும் தொகை ஒன்றுதான். சுவர் கறுத்திருந்தாலும் பளிச்சென்று இருந்தாலும் ஒன்றுதான். குடியிருந்தவர் தன் செலவிலேயே வர்ணம் அடித்திருந்தால்? அதைப் பற்றி ஷரத்தில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். ஒரு பம்ப் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் சேர்ந்து, 1984 முதல் நாக்பூர், டெல்லி, இந்தூர், கல்கத்தா, பெங்களூர் என்று ஊர் ஊராகப் போனவர். சொந்த வீடு கட்டிய 2011 வரை, கணவனும் மனைவியும் வாடகை கொடுத்து வாழ்ந்த வீடுகள் ஒன்பது. தண்ணீர் சம்பந்தப்பட்ட தொழில் என்பதால் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தே ஓதம் தரையிலிருந்து ஏறுகிறதா, மேலேயிருந்து இறங்குகிறதா என்று சொல்லிவிடுவார். ஒன்பது வீடுகளிலும் அந்தத் திறமைக்கு வேலை இருந்தது. ஒரு வீட்டிலும் அதைச் சரி செய்யும் உரிமை இருந்ததில்லை.

நாக்பூர் வீட்டின் சுவரில் சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டும். சுண்ணாம்பின் குணம் அது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் கல்லாக இறுகுகிறது. பசை சேர்க்காமல், சுவரை நனைக்காமல் அவசரமாக அடித்துவிட்டால் பொடியாகவே நின்றுவிடும். டெல்லியில் கிடைத்தது மொட்டை மாடியில் ஒற்றை அறை, 'பர்சாத்தி' என்பார்கள். வீட்டுக்கார அம்மாள் தீபாவளிக்கு முன்பு வீடு முழுவதும் வெள்ளையடித்தார். வட இந்தியாவில் லட்சுமி வரும் காலம் அதுதான். பொங்கலுக்கு இன்னொரு முறை அடித்துக்கொள்ளட்டுமா என்று இவர் மனைவி கேட்டபோது, "இரண்டு மாதத்தில் சுவர் என்ன அழுக்காகிவிட்டது?" என்று அந்த அம்மாள் சிரித்தார். அது சிரிக்கும் விஷயமில்லை என்று புரியவைக்கும் அளவுக்கு இவர் மனைவிக்கு அப்போது இந்தி வராது.

ஆறாத காயம் இந்தூரில் ஏற்பட்டது. வருடம் 1993. வீடு நல்ல காற்றோட்டம். சுவர்தான் பொரிந்து கிடந்தது. வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கி, 1,800 ரூபாய் செலவழித்து, விடுமுறை நாட்களில் தானே உப்புத்தாள் தேய்த்து, டிஸ்டெம்பர் அடித்தார் இவர். அந்த மாதச் சம்பளத்தில் அது பெரிய துண்டு. வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை, வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். "வீடு பிரமாதமாகிவிட்டது. இப்போது இதற்கு நானூறு ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது" என்றார். நானூறு கூடக் கொடுப்பதா, காலி செய்வதா? காலி செய்தார்கள். இனி அடுத்தவன் சுவருக்கு ஒரு பைசா செலவழிப்பதில்லை என்று அன்று எடுத்த முடிவை அவர் மீறவில்லை.

மீறாததன் விலை கல்கத்தாவில் தெரிந்தது. பழைய கட்டடம், பழைய வாடகைச் சட்டத்தின் கீழ் இருந்த வீடு. மழைக்காலத்தில் மகள் படுக்கும் அறையின் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். மகளுக்கு இழுப்பு உண்டு. பூஞ்சணம் அதை மோசமாக்கும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரரோ, "இந்த வாடகைக்கு நான் சுவரைத் தொடமாட்டேன். வேண்டுமானால் நீங்களே செய்துகொள்ளுங்கள், வாடகையில் கழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். யாருடைய சுவர் என்ற கௌரவப் பிரச்சினையில் ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. அடுத்த ஆனியில் மனைவி தன் சேமிப்பை எடுத்து ஆள் வைத்துச் சுரண்டி வர்ணம் அடித்தார். "சுவர் அவங்களுதா இருக்கலாமுங்க, மூச்சு நம்ம புள்ளையோடது" என்று அவர் அன்று சொன்னதற்குக் கணவரிடம் பதில் இல்லை.

இந்தியாவில் வாடகைச் சுவர்களின் கதையே ஏறக்குறைய இதுதான். பம்பாயின் 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வாடகையை 1940-ஆம் ஆண்டு அளவிலேயே கட்டிப் போட்டது. குடியிருப்பவரை யாரும் தெருவில் தள்ள முடியாது என்பது அதன் நல்ல பக்கம். வருகிற வாடகை ஒரு டின் பெயின்ட் வாங்கக்கூடப் போதாது என்பதால் சொந்தக்காரர் கட்டடத்தைக் கைவிட்டார் என்பது மறுபக்கம். குடியிருப்பவரோ, தனக்குச் சொந்தமில்லாததற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று விட்டுவிட்டார். சிதைந்துகொண்டிருந்த பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க 1969-ல் சட்டம் இயற்றி, அதற்கென வரி வசூலித்து, தனி வாரியமே ஏற்படுத்த வேண்டியதாயிற்று. சுவரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு இருவரும் 'நானில்லை' என்றால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கட்டடங்கள் சாட்சி.

இன்று பெருநகரங்களில் நிலைமை தலைகீழ். 11 மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் பதிவுச் சட்டமும் சொல்வதால் பிறந்த எண் அது. பதினோரு மாதத்துக்குள் போகப் போகிறவருக்குச் சுவரில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பதினோரு மாதத்தில் அனுப்பிவிடக் கூடியவருக்கு ஏன் வர்ணம் அடித்துத் தர வேண்டும் என்று குடியிருப்பவர் நினைக்கிறார். ஆனால் பெரும்பாலானவர்கள் அதே ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்துவிடுகிறார்கள். தற்காலிகம் என்று நினைத்தபடியே ஒரு குழந்தை பிறந்து, நடந்து, பேசத் தொடங்கிவிடுகிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரங்களில் வாழும் குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் வாடகை வீட்டில்தான் இருந்தன. அதே கணக்கெடுப்பு, நகரங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்ததையும் காட்டியது. வாடகைக்கு விட்டால் வம்பு என்ற பயம் எவ்வளவு ஆழமானது என்பதை அந்தப் பூட்டுகளில் பாதியாவது சொல்லும்.

பானசவாடி வீட்டுக்காரரும் 2011-ல் கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டபோது அந்தப் பயத்தோடுதான் ஒப்பந்தம் எழுதினார். ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் எதையும் ஒட்டக் கூடாது. வர்ணம் மாற்றக் கூடாது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பிடிக்கப்படும். தட்டச்சு செய்த தாளைப் படித்துப் பார்த்த மனைவி கேட்டார்: "ஏனுங்க, இது டெல்லி அம்மா போட்டது. இது இந்தூர்க்காரரு போட்டது. நீங்க போட்டது எதுங்க இதுல?"

கட்டாக் தம்பதி வந்தது 2021 ஜூனில். இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள். அந்த வருடக் கடைசியில், மார்கழி மாத வியாழக்கிழமை ஒன்றில், வாடகை ரசீது கொடுக்கக் கீழே இறங்கிய வீட்டுக்காரர் அதிர்ந்துபோய் மேலே வந்தார். வாசல் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கிறது என்றார். மனைவி போய்ப் பார்த்தார். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் நெற்கதிர்கள், தாமரைகள், வாசலிலிருந்து உள்ளே போகும் சின்னஞ்சிறு பாதங்கள். ஒடிசாவில் அதை 'ஜோட்டி' என்கிறார்கள். அந்த மாதத்தின் வியாழக்கிழமைகளில் லட்சுமியை அழைக்கப் பெண்கள் தரையிலும் சுவரிலும் வரைவது. கிராமத்தில் மண்சுவரில் வரைவார்கள், இங்கே இருந்த சுவரில் வரைந்திருந்தாள் அந்தப் பெண்.

"ஆன்ட்டி, ஈரத் துணியில் துடைத்தால் போய்விடும்" என்று பயந்துபோய் இந்தியில் சொன்னாள். பதினெட்டு வருட வடக்கு வாசத்தில் பழுத்திருந்த இந்தியில் இவர் சொன்னார்: "துடைக்காதே. தானாக உதிரும்வரை இருக்கட்டும்." மேலே வந்து கணவரிடம் சொன்னது வேறு மொழியில்: "அது மாக்கோலமுங்க. தரையில இருக்கறதைச் செவுத்துல போட்டிருக்குது அந்தப் புள்ள. அவ்வளவுதான்."

சுவர் யாருடையது என்ற கேள்விக்கு இந்தியாவின் கிராமங்கள் எப்போதோ பதில் சொல்லியிருக்கின்றன. பத்திரம் யார் பேரிலும் இருக்கட்டும். சுவர் அதை மெழுகுகிறவளுடையது. மிதிலையில் மணமக்களின் அறைச் சுவரை அலங்கரித்தவர்கள் வீட்டுப் பெண்கள். 1934-ஆம் ஆண்டு பீகார் பூகம்பத்தில் வீடுகள் பிளந்து கிடந்தபோதுதான், சேதத்தைப் பார்வையிட வந்த ஆர்ச்சர் என்ற ஆங்கிலேய அதிகாரி உட்சுவர்களில் இருந்த அந்தச் சித்திரங்களைக் கண்டார். அறுபதுகளில் பஞ்சம் வந்தபோது, பிழைப்புக்காக அதே சித்திரங்கள் சுவரிலிருந்து காகிதத்துக்கு இறங்கி மதுபனி ஓவியமாக உலகம் சுற்றின. ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் அறுவடைக்கு ஒன்றும் கல்யாணத்துக்கு ஒன்றுமாகச் சுவரில் தீட்டும் சோராய், கோவர் ஓவியங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை எல்லாவற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. எந்தச் சித்திரமும் நிரந்தரமில்லை. மழை கரைக்கும், அடுத்த வருடம் மெழுகி, மறுபடி வரைவார்கள். நகரத்து வாடகை வீட்டில்தான் சுவர் என்பது கெட்டுப்போகாமல் திருப்பித் தர வேண்டிய பாத்திரமாக மாறிப்போனது.

2022-ல், கர்ப்பமாக இருந்த அந்தப் பெண் ஒரு கோரிக்கையோடு மாடிக்கு வந்தாள். ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் வர்ணம் மாற்றிக்கொள்ளலாமா? செலவு அவர்களுடையது. "காலையிலிருந்து ராத்திரிவரை இரண்டு பேரும் அந்த ஹாலில்தான் அங்கிள். ஒரு வருடமாகியும் ஹோட்டலில் தங்கியிருப்பது போலவே இருக்கிறது."

வீட்டுக்காரர் உடனே மறுத்தார். அவர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அடர்த்தியான வர்ணத்தின் மேல் வெள்ளை அடித்தால் ஒரு கோட்டில் மறையாது. பிரைமரும் அதன்மேல் இரண்டு கோட்டும் ஆகும். நல்ல எமல்ஷன் சுவரில் யாராவது மலிவான டிஸ்டெம்பரை ஏற்றிவிட்டால் ஆறு மாதத்தில் செதில் செதிலாக உரியும். அடுத்து அடிப்பவன் முழுவதையும் சுரண்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். சிலர் ஓதத்தை மறைக்கவே வர்ணம் அடிப்பதுண்டு. காரணத்தைத் தீர்க்காமல் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே வேலை செய்யும். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த நிறம் பிடிக்காவிட்டால் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும். அந்த ஒரு மாதம் 24,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய பயம். வீட்டுக்காகச் செலவழித்தவர், நாளைக்கு அதைக் காட்டியே உரிமை கொண்டாடுவாரோ?

கடைசிப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. வர்ணம் அடிப்பதால் யாருக்கும் வீட்டில் பாத்தியதை வந்துவிடாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் நிரந்தரக் கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாது என்கிறது. ஒரு டின் பெயின்ட் கட்டுமானம் ஆகாது. அதே பிரிவு, வீட்டை வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, நியாயமான தேய்மானம் நீங்கலாக என்றும் சேர்த்திருக்கிறது. மனிதர்கள் வாழ்ந்தால் சுவர் மங்கும். அந்த மங்கலுக்கும் சேர்த்துத்தான் மாதா மாதம் வாடகை.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தம்பதி குடிவந்த அதே 2021 ஜூன் மாதம் 2-ஆம் தேதிதான் மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் தலையில். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் அடிப்பதும் சொந்தக்காரர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடம் உண்டு. மாதிரிச் சட்டம் என்பதால், மாநிலங்கள் தம் சட்டத்தை அதன்படி அமைத்துக்கொண்டால்தான் அதற்கு உயிர். ஆனாலும் சுவர் யார் பொறுப்பு என்பதில் டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பானசவாடியில் தீர்ப்பு டெல்லியிலிருந்து வரவில்லை, புனேயிலிருந்து வந்தது. அங்கே கணவனோடு வாடகை வீட்டில் இருக்கும் மகள், வழக்கமான ஞாயிற்றுக்கிழமை போனில், "எங்க வீட்டுக்காரரு ஒரு ஆணி அடிக்கக்கூட விடமாட்டேங்கறாருப்பா. கல்யாண போட்டோவைத் தரையிலயே சாத்தி வச்சிருக்கோம்" என்றாள். "அப்படியா கண்ணு" என்று மட்டும் சொன்னார் அப்பா. போனை வைத்ததும் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை அவர் ஒரு வெள்ளைத் தாளில் நிபந்தனைகளை எழுதிக்கொண்டு கீழே போனார்.

நிபந்தனைகள் நான்கு. வர்ணம் அடிக்கும் முன் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பிரைமர் இல்லாமல் வர்ணம் கூடாது. எண்ணெய் பெயின்ட் கூடவே கூடாது. டின்னில் இருக்கும் நிற எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். காலி செய்யும்போது அடுத்து வருகிறவருக்கு நிறம் பிடிக்காவிட்டால், அந்த ஒரு சுவரை வெள்ளையாக்கும் செலவு குடியிருந்தவர்களுடையது. அடிப்பதற்கு முன்பு எல்லாச் சுவர்களையும் போட்டோ எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிப் பெண், சுரண்டும் நாட்களில் மாடியில் வந்து இருந்துகொள்ள வேண்டும் என்பது மனைவி வாய்மொழியாகச் சேர்த்த ஐந்தாவது. அது அநாவசிய எச்சரிக்கை அல்ல. பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடி சுரண்டும்போது எழும் தூசு, கருவில் இருக்கும் குழந்தைக்கும் கைக்குழந்தைக்கும் கெடுதல்.

பெயின்டர் உப்புத்தாள் தேய்க்க ஆரம்பித்த இரண்டாவது மணி நேரத்தில் கூப்பிட்டார். சுவரின் அடிப்பக்கம், சோபாவுக்குப் பின்னால், ஒரு முழ உயரத்துக்குப் பட்டி மாவு மாதிரி கையோடு வந்தது. வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார். ஓதம் கீழேயிருந்து ஏறவில்லை, மேலேயிருந்தும் இறங்கவில்லை. பக்கவாட்டில், குளியலறையிலிருந்து வருகிறது. சுவருக்குள் புதைத்த குழாயின் ஒரு இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் கட்டடத்தின் கம்பியைத் துரு பிடித்திருக்கும். பிளம்பரைக் கூப்பிட்டுத் தன் செலவில் குழாயை மாற்றினார். சுவர் காய மூன்று வாரம் காத்திருந்து, பிறகு நீலம் ஏறியது. ஆள் தன் சுவரைக் கவனிக்க ஆரம்பித்தால் வீட்டுக்கும் நல்லது என்று அவர் முப்பது வருடமாக வாடகை வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்த பேச்சு, அவர் வீட்டிலேயே நிரூபணமாயிற்று.

இவ்வளவும் நடந்த பிறகும், காலி செய்த நாளில் டார்ச்சோடு நின்றபோது அவர் மனம் ஏழாவது ஷரத்தைத்தான் நினைத்தது. 24,000 ரூபாய் சும்மா விடும் தொகை அல்ல. கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊரே பிடிக்கிறது. அவர்களும் பிடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார்கள். கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு வந்தார்.

"முழுசா பிடிக்கறீங்களாக்கும்?" என்றார் மனைவி.

"அக்ரிமென்ட்ல இருக்குது புள்ள."

"இந்தூர்ல வாய்வார்த்தைன்னு சொல்லி அந்தாளு ஏமாத்துனாரு. இங்க காயிதத்துல எழுதி வச்சு நீங்க ஏமாத்துவீங்களாக்கும்."

அவர் கோபித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியை இரண்டு முறை திறந்து பார்த்தார். பிறகு பெயின்டருக்குப் போன் செய்து, கீழ்த்தளத்தில் உண்மையாக என்னென்ன வேலை இருக்கிறது என்று கேட்டார். சமையலறையில் அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சுவர். சின்ன அறையில் குழந்தை கிரேயானால் கிறுக்கிய மூன்றடி உயரப் பகுதி. இரண்டுக்கும் சேர்த்து 5,500 ரூபாய் என்றார் பெயின்டர். மற்ற சுவர்கள் நான்கு வருடத்தில் மங்கியிருக்கின்றன. அது தேய்மானம். அதற்கு வாடகை வாங்கியாயிற்று.

கீழே போய், 5,500 பிடித்துக்கொண்டு மீதி 2,34,500 ரூபாயை அங்கேயே செல்போனில் அனுப்பினார். கணக்கை நோட்டில் எழுதிக் காட்டினார். அந்த இளைஞன் தொகையைப் பார்த்து, ஏதோ தவறு நேர்ந்துவிட்டதாக நினைத்து, "அங்கிள், பெயின்டிங் செலவு?" என்று கேட்டான். "அதுதான் இது" என்றார் அவர். அந்தப் பெண் மனைவியின் காலைத் தொட்டு வணங்கினாள். குழந்தை நீலச் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு வர மறுத்தது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். மறு வாரம் வீடு பார்க்க வந்தவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி. வீடு பிடித்தது, வாடகை பிடித்தது, தண்ணீர் வசதி பிடித்தது. "இந்த நீலம் மட்டும் கண்ணை உறுத்துகிறது. வெள்ளையாக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்கள். நான்காவது நிபந்தனையின்படி அந்தச் செலவு கட்டாக்காரர்களுடையது. எழுதிய தாள் அவர் அலமாரியில் இருக்கிறது. போன் செய்தால் ஒரு நிமிடத்தில் பணம் வந்துவிடும். கொடுக்க மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் அல்ல அவர்கள்.

ஒரு சுவருக்குப் பிரைமரும் இரண்டு கோட்டும், கூலியோடு 2,800 ரூபாய் ஆயிற்று. அனுமதி கொடுப்பதற்கு உண்மையிலேயே ஒரு விலை உண்டு. வீட்டுக்காரர்களின் பயம் முழுக்கக் கற்பனை அல்ல. ஆனால் அந்த விலை 24,000 அல்ல, 2,800. நான்கு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் அறுபது ரூபாய்க்குக் கீழே. அந்தக் காசுக்கு ஒரு குடும்பம் நான்கு வருடம் அந்த வீட்டைத் தன் வீடு என்று நினைத்திருக்கிறது. ஒரு கசிவு கண்ணில் பட்டிருக்கிறது. அவர் போன் செய்யவில்லை. பெயின்டருக்குத் தானே கொடுத்தார்.

புதிய ஒப்பந்தம் தட்டச்சாக இருந்தபோது ஏழாவது ஷரத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எழுதச் சொன்னார். காலி செய்யும்போது சேதம் இருந்தால் அதைச் சரி செய்ய ஆகும் உண்மையான செலவு மட்டும், பில்லோடு பிடிக்கப்படும். வர்ணம் மாற்ற விரும்பினால் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம். ஆணி அடிக்கக் கூடாது என்ற வரி அப்படியே இருந்தது.

மனைவி படித்துப் பார்த்தார். மகளின் கல்யாண போட்டோவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்துக் கணவர் பக்கம் நகர்த்தினார். அவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த வரியையும் அடித்தார்.